வேலையோடு கட்டிய கடதாசி

 வானொலியில் இருபது நிமிடத்தில் அவசரமாகச் சொல்லி முடித்ததை இந்த மடலுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகின்றேன். பேசும்போது விட்டுப்போன திகதிகளையும் சேர்த்திருக்கின்றேன்.

நான் இருப்பது இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தின் கால்சாப் பகுதியில். வேலையும் இப்போது இங்கேதான். 91 வயதான ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கின்றேன். காலையில் ஏழு மணிக்குத் திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்ததும் நான் முதலில் செய்வது, அசையாமல் நின்று காது கொடுப்பது. உள்ளே இருமல் கேட்டால் நிம்மதி. ஒரு சத்தமும் இல்லாவிட்டால், கதவடியிலிருந்து படுக்கையறை வரை நடக்கின்ற அந்தப் பத்து அடிக்குள் ஒரு நினைப்பு வரும். அதை நான் கனகாலம் மனிசிக்குக்கூடச் சொன்னதில்லை. 'மனுசனுக்கு என்ன ஆச்சோ' என்பது இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது, 'வேலை போச்சோ' என்பது.

வெட்கப்பட வேண்டிய நினைப்புத்தான். ஆனால் பலெர்மோவில் வீட்டுவேலை செய்கின்ற எம்மவர்களிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள், பலரும் தலையாட்டுவார்கள். எங்கள் முதலாளிமார் கம்பனிகள் அல்ல, வயது போன மனிதர்கள். ஒரு தொழிற்சாலை மூடினால் ஊரே கொடி பிடிக்கும். ஒரு கிழவி கண்ணை மூடினால் ஒரு தமிழனின் வேலையும் அன்றைக்கே மூடுகின்றது என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதாது. செத்தவீட்டில் நாங்களும் அழுவோம். யாருக்காக அழுகின்றோம் என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது.

இலண்டனிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்ற நேயர்கள், வேலை போகின்ற பயம் எல்லோருக்கும் உள்ளதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் இத்தாலித் தமிழருடைய பயத்தில் இன்னொரு முடிச்சு இருக்கின்றது. அது எப்படி விழுந்தது என்பதுதான் இந்த உரையின் விடயம்.

1983 இற்குப் பிறகு நாட்டை விட்டு ஓடிய எம்மவர்கள் பல தேசங்களில் அகதி என்று கேட்டு, அகதி என்று பதியப்பட்டார்கள். இத்தாலியில் அப்படி நடக்கவில்லை. அகதிகள் தொடர்பான 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் இத்தாலி ஒப்பமிட்டிருந்தது, ஆனால் ஒரு வரையறையோடு: ஐரோப்பாவுக்குள்ளிருந்து வருபவர்களைத்தான் அது அகதிகளாக ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்திலிருந்து குண்டுக்குத் தப்பி வந்தவன் இத்தாலியச் சட்டத்தின் கண்ணில் அகதி அல்ல. அவன் வேலை தேடி வந்த வெளிநாட்டான்.

இந்த வரையறை நீங்குவதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. ஜெரி மாஸ்லோ என்ற தென்னாபிரிக்கக் கறுப்பின இளைஞர் நிறவெறி அரசுக்குத் தப்பி வந்து புகலிடம் கேட்டவர். ஐரோப்பியர் அல்லர் என்பதால் அவருக்கு அகதி நிலை கிடைக்கவில்லை. தெற்கே வில்லா லித்தேர்னோ என்ற ஊரில் தக்காளி பிடுங்கிக்கொண்டிருந்த அவர், 1989 ஓகஸ்டில் கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ரோமில் பெரும் ஊர்வலம் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1990 பெப்ரவரியில் வந்ததுதான் மார்த்தெல்லி சட்டம். அது அந்த வரையறையை நீக்கியது. அதே சட்டம், 1989 டிசம்பர் 31 இற்கு முன் நாட்டுக்குள் வந்துவிட்ட கடதாசி இல்லாத வெளிநாட்டவருக்கு அனுமதி பெறும் வழியையும் திறந்தது. 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் விசா எடுத்தார்கள். நானும் ஒருவன். 1989 ஒக்டோபரில் வந்து சேர்ந்தவன் நான். சில மாதம் பிந்தியிருந்தால் என் கதை வேறு.

அகதி என்று கேட்டு வருடக்கணக்கில் காத்திருப்பதா, வேலைக்காரன் என்று பதிந்து உடனே விசா எடுப்பதா? எங்களில் அதிகமானோர் இரண்டாவதை எடுத்தோம். பிழை என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு நாங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. சூரிச்சில் அகதியாக ஏற்கப்பட்ட என் மச்சானுக்கு வேலை போனால் வேலைதான் போகும். எனக்கு வேலைதான் புகலிடம். வேலை போனால் பின்னாலேயே பெர்மெஸ்ஸோவும் போகும். பெர்மெஸ்ஸோ என்பது இங்கே தங்கியிருக்கும் அனுமதி. எம்மவர் சொஜோர்னோ என்றும் சொல்வார்கள்.

கால்சாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 937 இல் அரபு ஆட்சியாளர்கள் தங்கள் அதிகாரிகளுக்காகக் கட்டிய மதிலகம் இது. அல் காலிசா என்ற பெயருக்குத் தூய்மையானது, தெரிந்தெடுக்கப்பட்டது என்று பொருள் சொல்வார்கள். 1943 இல் நேச நாடுகளின் விமானங்கள் குண்டு பொழிந்து இதன் பெரும் பகுதியை நொறுக்கின. நான் வந்தபோது, சண்டை முடிந்து நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும், மஜியோனே சதுக்கத்தைச் சுற்றி இடிந்த சுவர்கள் அப்படியே நின்றன. பூச்சட்டி வைத்த பல்கனிக்குப் பக்கத்தில் கூரையில்லாத வீடு. எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. வசதி உள்ளவர்கள் புதுப் பகுதிகளுக்குப் போய்விட்டதால் வாடகை மலிவாக இருந்தது. மரீனா சதுக்கத்தில் விழுது விட்டு நிற்கின்ற அந்தப் பெரிய மரத்தைக் கண்ட அன்று, ஆலமரம் என்றே நினைத்து அதன் கீழே போய் இருந்தேன். ஆலமரத்தின் இனம்தான் என்று பிறகு ஒருவர் சொன்னார்.

வேலை மட்டும் கால்சாவில் இல்லை. வேலை வியா லிபெர்த்தாப் பக்கத்து மாடி வீடுகளில் இருந்தது. 1990 இல் ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் சேர்ந்தேன். சமையல், துப்புரவு, கடைக்குப் போதல், கடைசி வருடங்களில் அவரைத் தூக்கி இருத்துவது வரை எல்லாம். கிழமைக்கு ஐம்பது மணித்தியாலம் வேலை. கடதாசியில் இருபது மணித்தியாலம். மிச்சம் கையில். அது ஒளித்து நடந்ததல்ல, எனக்கும் சம்மதம்தான். கையில் வருகின்ற காசு முழுசாக ஊருக்குப் போனது. அந்த இருபது என்ற எண் எனக்கு என்ன செய்யும் என்று பதின்மூன்று வருடம் நான் யோசிக்கவில்லை.

2002 ஜூலையில் பொஸ்ஸி-ஃபீனி சட்டம் வந்தது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலை இழந்த வெளிநாட்டவர் புது வேலை தேட ஆகக் குறைந்தது ஒரு வருடம் தங்கலாம். புதிய சட்டம் அதை ஆறு மாதமாகக் குறைத்தது. அதோடு தங்கும் ஒப்பந்தம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. முதலாளி, தொழிலாளிக்கு வசிக்க இடம் இருக்கின்றது என்று உறுதி கொடுக்க வேண்டும். அவரை நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் பயணச் செலவைத் தருவதாகவும் ஒப்பமிட வேண்டும். அதாவது, வேலைக்குச் சேருகின்ற நாளிலேயே நீ திரும்பிப் போவதற்கான ரிக்கற்றைப் பற்றி எழுதியாகிவிடுகின்றது. அதே சட்டத்தோடு சேர்ந்து வந்த பொது அனுமதியில் சுமார் 7 இலட்சம் பேர் விண்ணப்பித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிட்டத்தட்டப் பாதிப்பேர் வீட்டுவேலைக்காரரும் முதியோரைப் பார்ப்பவர்களும். ஒரு கையால் கதவைத் திறந்து, மற்றக் கையால் வாசலில் கயிறு கட்டினார்கள்.

2003 நவம்பரில் சிஞ்ஞோரா காலமானார். என் பெர்மெஸ்ஸோ 2004 பெப்ரவரியில் முடிய இருந்தது. மனிசியும், இங்கேயே பிறந்த ஆறு வயது மகளும் என் கடதாசியில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதல் இரண்டு கிழமை நான் செய்தது என்ன தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. காலையில் வழமைபோல உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். ஃபோரோ இத்தாலிக்கோவில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்குப் போனேன். வேலை போய்விட்டது என்று மனிசிக்குச் சொல்லவில்லை. இரவில் கணக்குப் போடுவேன், விடிந்ததும் கணக்கு மறந்துபோகும். பயம் பெரிதாக இருக்கும்போது அதற்கு எண் இல்லை. அதுதான் அதனுடைய பலம்.

மனிசி கண்டுபிடித்துவிட்டா. ஞாயிறு தோறும் எம்மவர் மொந்தே பெல்லெக்ரினோ மலையில் ஏறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1624 இல் கொள்ளை நோயிலிருந்து நகரத்தைக் காத்தவர் என்று பலெர்மோ மக்கள் கொண்டாடுகின்ற புனிதர். சைவர், வேதக்காரர் என்ற வேறுபாடு இல்லாமல் நாங்கள் போவோம். நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். அந்த ஏற்றத்தில் கும்பிடு மட்டும் நடப்பதில்லை. எந்த வீட்டில் ஆள் தேவை, எந்த வீட்டில் சம்பளம் இழுபடும் என்ற செய்தியெல்லாம் அங்கேதான் கைமாறும். சிஞ்ஞோரா செத்த செய்தியும் அப்படித்தான் மனிசியின் காதுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து ஒன்றுதான் கேட்டா: "இவ்வளவு நாளும் எங்கை போய் இருந்தனீங்கள்?"

அடுத்த நாள் இருவருமாக ஒரு தொழிற்சங்கத்தின் உதவி நிலையத்துக்குப் போனோம். மேசைக்கு அங்காலே இருந்த இத்தாலியப் பெண் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாட்காட்டியை எடுத்து வைத்து, பேனையால் வட்டம் போட்டார். இன்றைக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால், ஆறு மாதம் முடிவது இந்தத் திகதி. வேலை போனது விசாவைப் பறிப்பதற்குக் காரணமாகாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கின்றது என்றும் காட்டினார். பதின்மூன்று வருடத்தில் எனக்கு ஒருவரும் சொல்லாத விடயம் அது. நானும் கேட்டதில்லை.

பிறகு ஒப்பந்தத்தைக் கேட்டார். அங்கேதான் இருபது என்ற எண் எழும்பி நின்றது. முதலாளி இறந்தாலும் முன்னறிவித்தல் காலத்துச் சம்பளத்தை வாரிசுகள் தர வேண்டும். கிழமைக்கு 25 மணித்தியாலத்துக்கு மேல் என்றால் எனக்கு 30 நாள் கிடைத்திருக்கும். இருபது என்றபடியால் 15 நாள். வேலை முடியும்போது கிடைக்கின்ற சேமிப்புப் பணமும் இருபதின்படிதான். 1998 முதல் இருந்த நிரந்தர வதிவிட அட்டைக்கு நான் விண்ணப்பிக்க முடியாமல் இருந்ததும், காட்டிய வருமானம் குறைவு என்பதால்தான். அந்த அட்டை இருந்திருந்தால் நான் கடற்கரையில் போய் இருந்திருக்கவே தேவையில்லை. கையில் வாங்கிய காசை நான் இலாபம் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுவேலைக்காரரை ஒதுக்குவது இத்தாலியில் எங்களோடு தொடங்கியதல்ல. 1966 ஆம் ஆண்டுச் சட்டம், தகுந்த காரணம் இல்லாமல் வேலைநீக்கம் செய்யக்கூடாது என்றது. வீட்டுவேலைக்காரருக்கு அது பொருந்தாது. அவர்களுக்குக் கூட்டு ஒப்பந்தமே இருக்கக்கூடாது என்று பழைய சிவில் சட்டக்கோவை தடுத்திருந்தது. 1969 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி, 1974 இல்தான் முதல் தேசிய ஒப்பந்தம் வந்தது. அப்போது இந்த வேலையைச் செய்தவர்கள் மலைக் கிராமங்களிலிருந்து வந்த ஏழை இத்தாலியப் பெண்கள். எங்களுக்கு இன்று கிடைக்கின்ற முன்னறிவித்தல் நாள்கள் அந்தப் பெண்கள் வாங்கித் தந்தவை. அவர்களுடைய பெயரை நாங்கள் அறியோம்.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் அரசாங்க எழுதுவினைஞர். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு, சிங்களம் சித்தியெய்தாத தமிழ் உத்தியோகத்தருக்குச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. கேகாலைக் கச்சேரியில் வேலை செய்த கோடீஸ்வரன் என்ற உத்தியோகத்தருக்கு 1962 ஏப்ரலில் கிடைக்க வேண்டிய உயர்வு அப்படித்தான் மறுக்கப்பட்டது. அவர் பேசாமல் இருக்கவில்லை, வழக்குப் போட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர்நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குப் போட முடியாது என்று அதைத் தள்ளியது. 1969 டிசம்பரில் இலண்டன் பிரிவி கவுன்சில், போடலாம் என்று சொல்லி, மொழிச்சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் திருப்பி இலங்கைக்கே அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வரவேயில்லை. 1971 இல் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழியே அடைக்கப்பட்டது. 1972 இல் புதிய அரசியலமைப்பு வந்தது.

அப்பா வழக்குப் போடுகின்ற ஆள் இல்லை. அம்மா சொல்வா, அவர் 'ஈழநாடு' பத்திரிகையை விரித்து, அதற்குள்ளே சிங்களப் பாடப் புத்தகத்தை மறைத்து வைத்துப் படிப்பாராம். படிக்கக்கூடாது என்று ஊரில் இயக்கம் நடந்த காலம் அது. கந்தோருக்குப் படிக்காததால் பயம், அயலுக்குப் படித்ததால் பயம். மூன்றாம் தரம் சித்தியெய்தினார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. 2011 இல் என் மனிசி நிரந்தர அட்டைக்காக இத்தாலிய மொழிப் பரீட்சை எழுதியபோது நான் இதை அவவுக்குச் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல. அப்பா தன் சொந்த நாட்டில் எழுதினார். ஆனால் பத்திரிகைக்குள் புத்தகத்தை மறைத்ததும் நான் கடற்கரையில் போய் இருந்ததும் ஒரே குணம்தான் என்று மனிசி சொன்னா. மறுக்க முடியவில்லை.

இந்த ஊர்க்காரருக்கும் இந்தப் பயம் புதிதல்ல. 1956 பெப்ரவரியில், பலெர்மோவுக்கு அருகே பார்தினிக்கோவில், தனிலோ தோல்சி என்பவர் வேலையில்லாத ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், பழுதாய்க் கிடந்த ஒரு பாதையைக் கூலி வாங்காமலே திருத்தத் தொடங்கினார். வேலை செய்வதே வேலைநிறுத்தம்! நாட்டின் அரசியலமைப்பு எல்லாக் குடிமக்களுக்கும் வேலை உரிமை உண்டு என்று சொல்கின்றது, தராவிட்டால் நாங்களே செய்கின்றோம் என்பது அவர்களின் வாதம். பொலிஸ் அவர்களைப் பிடித்துச் சென்றது. பெரிய சட்ட அறிஞரான காலமாந்த்ரேயி வழக்காடியும் தண்டனை கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றார்களோ தெரியாது, படிக்க வேண்டும்.

என் கதைக்கு வருகின்றேன். ஆறு மாதம் முடிய ஐந்து கிழமை இருக்கும்போது மூன்று வீடுகள் கிடைத்தன. மூன்றும் சிறிய வேலை. முதல் நாளே மூன்று வீட்டிலும் ஒன்றைக் கேட்டேன்: செய்கின்ற மணித்தியாலம் அத்தனையும் எழுத வேண்டும். ஒரு வீடு வேண்டாம் என்றது, வேறொன்று தேடினேன். ஒரே வீட்டை நம்பியிருப்பதில்லை என்பதையும் அன்றிலிருந்து பழகினேன். 2007 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறை இங்கே சட்டமாகி, ஐந்து வருடம் ஒழுங்காக இருந்தவர்களுக்கு நீண்டகால வதிவிட அட்டை என்று வந்தது. 2008 இல் எனக்குக் கிடைத்தது. வேலை போனாலும் அது போகாது. அன்றிரவு நித்திரை வந்தது.

வேலை தேடும் காலம் 2012 இல் மறுபடி ஒரு வருடமானது. பத்து வருடம் ஆறு மாதத்தோடு எத்தனை குடும்பம் மல்லுக்கட்டியது என்று யார் கணக்கெடுத்தார்கள்? 2015 இல் பலெர்மோ மாநகரசபை, வதிவிட அனுமதி என்ற முறையையே எடுத்துவிட வேண்டும் என்று 'பலெர்மோ சாசனம்' வெளியிட்டது. மேயர் ஓர்லாந்தோ அதற்காக ஊர் ஊராகப் பேசினார். சட்டம் மாறவில்லை. ஆனாலும் ஒரு நகரம் அப்படிச் சொன்னது என்பது எங்களுக்குச் சின்ன விடயமில்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது அரசு வேலைநீக்கத்தைத் தடை செய்தது. மறுபடியும் வீட்டுவேலைக்காரர் அதற்குள் இல்லை. மே மாதத்தில்தான், கிழமைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஒப்பந்தம் உள்ள, முதலாளியின் வீட்டில் தங்காதவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களுக்கென்று தலா 500 யூரோ அறிவித்தார்கள். கடதாசியில் மணித்தியாலம் எழுதாதவர்களுக்கு அதுவும் இல்லை. அந்த மாதங்களில் எங்களைத் தாங்கியது சீட்டு. 2004 இற்குப் பிறகு கால்சாவிலும் பலாரோப் பக்கத்திலும் உள்ள பதினெட்டுக் குடும்பம் சேர்ந்து தொடங்கிய சீட்டில் ஒரு விதி வைத்திருக்கின்றோம்: வேலை போனவர் கேட்டால் அந்த மாதச் சீட்டு அவருக்கு, கழிவு இல்லாமல். அந்த வருடம் நான்கு மாதம் தொடர்ந்து அப்படிப் போனது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு பேர் சுளித்தார்கள், ஆனாலும் காசு கட்டினார்கள்.

இப்போது புதிதாக வருகின்ற பெடியளுக்கு நான் சொல்வது சில எண்கள்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலாளி கட்டுகின்ற சமூகக் காப்புறுதிப் பணத்தின் பற்றுச்சீட்டில் ஒரு பிரதி வாங்கு. கிழமைக்கு 24 மணித்தியாலம் எழுதினால்தான் அது முழுக் கிழமையாகக் கணக்கில் சேரும். வேலையிழந்தோர் கொடுப்பனவு எங்களுக்கும் உண்டு. கடைசி நான்கு வருடத்தில் 13 கிழமை கட்டியிருக்க வேண்டும், வேலை முடிந்து 68 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டிய கிழமைகளில் பாதிக் காலத்துக்குக் கிடைக்கும். எத்தனையோ பேர் 68 நாளைக் கவலையிலேயே கழித்துவிட்டு 70 ஆவது நாள் என்னிடம் வந்திருக்கின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் ஆளில்லை.

என்னுடைய பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கின்றன. மகள் கணினியில் ஏற்றித் தருகின்றேன் என்று சொல்கின்றா. ஏற்றட்டும், ரின்னும் இருக்கட்டும்.

இந்த உரையை ஆயத்தம் செய்யும்போது ஒரு காலை, பெரியவருக்கு அந்தக் கதவடி நினைப்பைச் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் கால்சாவிலேயே பிறந்தவர். குண்டு விழுந்தபோது எட்டு வயது, தகப்பனாருக்குத் துறைமுகத்தில் வேலை. ஒரே கிழமையில் வீடும் போய் வேலையும் போன வீட்டுப் பிள்ளை. கோபிப்பார் என்று நினைத்தேன். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தான் தினமும் ஆறு மணிக்கே விழித்துவிடுவதாகவும், ஏழு மணிக்குத் திறப்புச் சத்தம் கேட்கும் வரை, இன்றைக்கு நீ வராமல் விட்டால் நான் என்ன செய்வேன் என்று படுத்திருந்து யோசிப்பதாகவும் சொன்னார்.

அதற்கு நான் என்ன சொல்வது? கோப்பி ஆறுகின்றது என்றார். எடுத்துக் கொடுத்தேன்.